தோசைக்கல் குடித்த மருந்து

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கும் வணக்கம். பட்டறையில் ஒட்டிவைக்க ஒரு பக்கம் பாதுகாப்பு விதிகள் எழுதிக் கொடுங்கள் என்றுதான் முதலாளி என்னிடம் கேட்டார். கையுறை போடு, கண்ணாடி போடு, தண்ணீரில் ஆசிட்டை ஊற்று, ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதே. இதெல்லாம் ஏற்கெனவே மூன்று பாஷையில் சுவரில் இருக்கிறது. அதற்கு மேலே உங்கள் சட்டைகள் தொங்குகின்றன. ஆகவே விதி எழுதுவதாக இல்லை. நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை எழுதுகிறேன். விதியை எவனும் வாசிக்க மாட்டான், அடுத்தவன் அசடு வழிந்த கதை என்றால் டீ ஆறினாலும் பரவாயில்லை என்று வாசிப்பான். உங்களில் சிலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்ட வராது. வெட்கப்பட வேண்டாம், என் மகனும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் ஆறுமுகம். தாராவியில், இதே பட்டறையில், துருப்பிடித்த இரும்பை மருந்துத் தொட்டியில், அதாவது ஆசிட்டில், ஊறப்போட்டு வெள்ளி மாதிரி எடுத்துக் கொடுக்கும் வேலையை முப்பத்தொரு வருஷம் செய்தேன். போன வருஷம் ஓய்வு பெற்று, இப்போது மான்குர்த்தில் மகன் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எல்லாருக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்பதில்லை. நீங்கள் சம்பளம் வாங்குகிறவர்கள், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வந்த புதிதில் இரும்புப் பூட்டுகளோடு சேர்த்து ஓர் அலுமினியக் கைப்பிடியையும் தெரியாமல் தொட்டிக்குள் இறக்கிவிட்டேன். புஸ்ஸென்று பொங்கியது. பால் பொங்குகிறது, நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கம்பி நுனியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஏதோ தொங்குகிறது. எனக்கு மேலே இருந்தவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏல, பல்லு விளக்கச் சொன்னா பல்லையே விளக்கித் தள்ளிட்டியேல” என்றார். அதோடு விட்டுவிட்டார், வையவில்லை. தெரியாமல் செய்கிற தப்புக்கு உலகத்தில் மன்னிப்பு உண்டு. நான் சொல்ல வந்தது அந்தத் தப்பு இல்லை. இருபத்தாறு வருஷ அனுபவத்தை முதுகில் கட்டிக்கொண்டு, சீட்டியடித்தபடி, ஊரைக் கூட்டிக் காட்டிக்கொண்டு செய்த தப்பு.

மாட்டுங்காவில் ஒரு மாமி மெஸ் நடத்திவந்தார். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், இரண்டு தலைமுறையாக பம்பாய்தான். அந்தப் பக்கம் சரக்குக் கொடுக்க வாரம் ஒருநாள் போவேன், அன்றைக்கு எனக்கு அங்கேதான் காலைச் சாப்பாடு. மூன்று தோசை, ஒரு காப்பி, கொஞ்சம் அரசியல். ஊரடங்கு வந்தது, மெஸ்ஸை மூடினார்கள். தோசை போடுகிற மாஸ்டர் ஊருக்குப் போனவர் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு தங்கிவிட்டார். ஊரடங்கு முடிந்து எல்லாக் கடையும் திறந்த பிறகும் மாமியின் ஷட்டர் மட்டும் இறங்கியே கிடந்தது. இடத்துக்குச் சொந்தக்கார சேட் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே அடுப்பு எரியவில்லை என்றால் சனிக்கிழமை சாவியை வாங்கி ஒரு மொபைல் கடைக்காரனிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மாமி எனக்கு போன் செய்தார்.

“ஆறுமுகம், மெஸ்ஸைத் தொறக்கப் போறேன். மாஸ்டர் இல்லேன்னா என்ன, நானே வாத்துப் போட்டுக்கறேன். ஆனா தோசைக்கல்லைப் பாத்தா அழுகையா வரது. மழைத் தண்ணி ஒழுகி ஒழுகி செக்கச்செவேல்னு துரு. புளி போட்டேன், எலுமிச்சம்பழம் போட்டேன், செங்கல் வெச்சுத் தேய்ச்சேன். கைதான் தேஞ்சுது.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

“மாமி, துருவுக்குப் போய்க் கவலைப்படுதீங்களே! நான் எதுக்கு இருக்கேன்? நம்ம தொட்டியில ஒரு முக்கு. வியாழக்கிழமை காலையில கண்ணாடி மாதிரி உங்க அடுப்புல இருக்கும். பைசா பேச்சே எடுக்கப்படாது.”

பெரிய கல் அது. இரண்டரை அடி அகலம், பழைய காலத்து வார்ப்பிரும்பு, இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டும். டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். புதன்கிழமை காலையில் மூன்றாம் நம்பர் தொட்டி சும்மா இருந்தது, அதில் இறக்கினேன். எந்தத் தொட்டியில் எந்தச் சரக்கு எப்போது இறங்கியது என்று பலகையில் சாக்பீஸால் எழுதுகிற வழக்கம் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். எழுதாதவனை நாலு பேர் முன்னால் காய்ச்சி எடுப்பவனும் நான்தான். அன்றைக்கு நான் எழுதவில்லை. எழுதப் போயிருந்தால் அந்தத் தொட்டியில் அதற்கு முன்பு என்ன கிடந்தது என்பதும் கண்ணில் பட்டிருக்கும். தெரிந்தவர் சாமான், பில் கிடையாது, இதற்கெல்லாம் எதற்குப் பலகை என்று விட்டுவிட்டேன். தெரிந்தவர் சாமான் வந்தால் இரண்டு தடவை எழுதுங்கள், பிள்ளைகளே.

சாயங்காலம் கல் வெளியே வந்தது. அடடா! முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். போட்டோ எடுத்து பட்டறை வாட்ஸப் குரூப்பில் போட்டேன். ஆசிட்டை முறிக்கச் சோடாத் தண்ணீரில் நன்றாகக் கழுவினேன். கழுவின இரும்பு இந்த ஊர்க் காற்றில் அரை மணி நேரத்தில் மறுபடி துருப்பிடிக்கும் என்பதால் உடனே எண்ணெய் பூச வேண்டும். என் கூட வேலை செய்த பாண்டுரங் பழக்கதோஷத்தில் மெஷின் எண்ணெய் டப்பாவை எடுத்தார். அவர் கொங்கண் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னைவிட இருபது மடங்கு நிதானம். நான் பாய்ந்து தடுத்தேன். “பாகல் ஹை க்யா, பைத்தியமா? இது சாப்பாட்டுச் சாமான்!” என்று தேங்காய் எண்ணெய் வாங்கிவந்து பூசினேன். கவனியுங்கள். சாப்பாட்டுச் சாமான் என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். எண்ணெய் விஷயத்தில் உதித்த புத்தி தொட்டி விஷயத்தில் உதிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை கல்லை அடுப்பில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, கைகட்டி ஓரமாக நின்றேன். மாமி கற்பூரம் காட்டிவிட்டு முதல் கரண்டி மாவை ஊற்றினார். மாவு கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. தோசைத் திருப்பியை வைத்து ஒரு பக்கம் தள்ளினார், மறுபக்கம் தள்ளினார். தோசை எழுந்திருக்கவில்லை, பிய்ந்து பிய்ந்துதான் வந்தது.

“என்ன பண்ணினேள் இதை?” என்று கேட்டார்.

“சுத்தம் பண்ணுனேன் மாமி. துரு ஒரு பொட்டுக்கூட இல்ல பாருங்க.”

“துரு போகட்டும், அடியில இருந்த கருப்பு எங்கே? பதினெட்டு வருஷமா எண்ணெய் குடிச்சுக் குடிச்சு வந்த கருப்பாக்கும் அது! அதையுமா எடுத்தேள்?”

எடுத்துவிட்டேன். எங்கள் தொழிலில் இரும்பின் மேல் இரும்பு அல்லாத எதுவும் அழுக்கு. சிவப்பாக இருந்தாலும் அழுக்கு, கருப்பாக இருந்தாலும் அழுக்கு. தினமும் வீட்டில் தோசை தின்கிற தமிழன் நான், பழகின கல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? வீட்டில் தெரியும். பட்டறைக்குள் கால் வைத்தால் மறந்துபோகும். மாமி பிய்ந்த தோசையைச் சுரண்டிக் குப்பையில் போட்டார். பிறகு பெருமூச்சு விட்டு, “போறது. இன்னிக்கு முழுக்க வெங்காயம் தேய்ச்சு எண்ணெய் விட்டுப் பழக்கிப் பாக்கறேன். நாளைக்கு ஒரு மாதிரி வந்துடும். நீங்க போய் வேலையைப் பாருங்கோ” என்றார். நானும் அசட்டுச் சிரிப்போடு கிளம்பிவிட்டேன்.

மத்தியானம் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் இதை ஒரு தமாஷாகச் சொன்னேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாண்டுரங் மட்டும் சிரிக்கவில்லை. சப்பாத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“அண்ணா, தவா கோன் ஸீ டங்க்கி மே டாலா தா?”

எந்தத் தொட்டியில் போட்டேன் என்று கேட்கிறார்.

“தீன் நம்பர்” என்றேன்.

“தீன் நம்பர் மே தோ பீலா மால் தா.”

மூன்றாம் நம்பரில் பீலா மால் அல்லவா கிடந்தது என்கிறார். பீலா மால் என்றால் மஞ்சள் முலாம் பூசின போல்ட்டுகள். முலாம் சரியில்லை, உரித்துக் கொடுங்கள் என்று ஒரு ஃபேக்டரியிலிருந்து வந்தவை. இரண்டு நாள் அந்தத் தொட்டியில் ஊறின. அந்த மஞ்சளில் இருப்பது மனுஷன் வயிற்றுக்குள் போகக்கூடாத விஷம். அத்தனையும் உரிந்து அந்த மருந்தில்தான் கலந்திருக்கிறது. மருந்தை மாற்றவில்லை. ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தேன். மூன்றாம் நம்பருக்கு நேரே பாண்டுரங்கின் கையெழுத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே நான் எழுதியிருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும், ஒன்றே ஒன்றுதான். தகட்டு இரும்பு மருந்தைக் குடிக்காது, மேலே கழுவினால் போய்விடும். வார்ப்பிரும்பு பார்க்கத்தான் கல் மாதிரி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடித் துவாரம், ரொட்டித்துண்டு மாதிரி குடிக்கும். சோடாத் தண்ணீரில் மேலே கழுவலாம், குடித்ததைக் கழுவ முடியாது. அது எப்போது வெளியே வரும் தெரியுமா? சூடாக்கும்போது வரும்.

மாமிக்கு போன் செய்தேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, “மாமி, கல்லு சூடாகும்போது ஏதாவது கசியுதா?” என்றேன்.

“ஆமா, எப்படித் தெரியும் உங்களுக்கு? அங்கங்கே பொட்டுப் பொட்டா மஞ்சளா வந்துண்டே இருக்கு. துடைக்கத் துடைக்க வரது. மஞ்சள்தானே, மங்களகரமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்” என்றார்.

 “அடுப்பை அணைச்சிடுங்க மாமி. இப்ப வாரேன்” என்று சொல்லிவிட்டு முதலாளியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் இதை வாசிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

“சோடாத் தண்ணியில கழுவினீரா இல்லையா?” என்று கேட்டார்.

“கழுவினேன் அண்ணாச்சி.”

“பெறவு என்னவே? நாலு தடவை எண்ணெய் விட்டா எல்லாம் போயிரும். எவன் வந்து டெஸ்ட் எடுக்கப் போறான்? பேரைக் கெடுத்துக்கிடாதியும், வாயை மூடிக்கிட்டு இரும்.”

அவர் கெட்டவர் இல்லை. பயந்தார். எனக்கும் அதே பயம்தான். இருபத்தாறு வருஷம் சம்பாதித்த பெயர், வாட்ஸப்பில் போட்ட போட்டோ, எல்லாம் கண் முன்னால் வந்தது. தாராவியிலிருந்து ரயில்பாதை நடைபாலம் ஏறி இறங்கினால் மாட்டுங்கா. அந்தத் தூரத்துக்குள் மூன்று பொய் தயார் செய்தேன். கல்லில் கீறல் விழுந்திருக்கிறது என்பது முதல் பொய். உங்கள் அடுப்பு சரியில்லை என்பது இரண்டாவது. வெள்ளிக்கிழமை ராகுகாலம் ஒரு மாதிரி இருக்கிறது என்பது மூன்றாவது. ராகுகாலத்தைப் பற்றி மாட்டுங்கா மாமியிடமே பொய் சொல்லப் போனேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெஸ்ஸுக்குள் நுழைந்தபோது மாமி மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பலகையில் நாளைய பட்டியலை எழுதிவைத்திருந்தார். சாதா தோசை, நெய் தோசை, ரவா தோசை. பக்கத்துக் கட்டடத்துத் தாத்தா பாட்டிகளெல்லாம் போன் செய்து, காலையிலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். ஒரு கைக்குழந்தைக்காரி தோசையைக் காப்பியில் தோய்த்துப் பிள்ளைக்கு ஊட்டுவாளாம், அவளும் வருகிறாளாம். அதற்கு மேல் என் மூன்று பொய்யும் வாய்க்கு வரவில்லை.

“மாமி, இந்தக் கல்லுல தோசை போடக்கூடாது. நாளைக்கு மட்டும் இல்ல, எப்பவுமே கூடாது. கசியறது எண்ணெய் இல்ல, விஷம். தப்பு கல்லு மேல இல்ல, உங்க மேல இல்ல. நான்தான் பாக்காம வேற சரக்கு ஊறின தொட்டியில போட்டுட்டேன்.”

மாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி.

“நாளைக்குக் காலம்பற ஏழு மணிக்கு சேட் வருவார்” என்றார்.  பிறகு கண் கலங்கி, புடவைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அந்தக் கணத்தில் மூன்றாம் நம்பர் தொட்டியில் நானே குதித்துவிடலாம் போலிருந்தது.

“புதுக் கல்லு வாங்கினா?” என்றேன்.

“புதுக் கல்லு ஒரு நாள்ல பழகுமா?”

“நான்ஸ்டிக்...”

மாமி என்னைப் பார்த்த பார்வையில் வாக்கியத்தை முடிக்கவில்லை. “கல்லு நான் கொண்டாரேன்” என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து என்று எனக்கே தெரியாது. போவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். பெரிய கல்லைப் பழைய இரும்புக்கடையில் போட்டால் நாளைக்கு வேறொருவர் மலிவாக வாங்கித் தோசை சுடுவார். பின்பக்கம் உருட்டிக்கொண்டு போய், சம்மட்டியை இரவல் வாங்கி அதை நாலு துண்டாக உடைத்தேன். மாமி பார்த்துக்கொண்டே நின்றார். 

அடுத்தது வீடு. என் மனைவி கனி, திருநெல்வேலிப் பக்கம். கோபம் வந்தால் பாத்திரம் பேசும்.

“உன் தோசைக்கல்லை ஒரு நாளைக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“என்னது?” என்றாள்.

“இரவல்...”

“எந்த ஊருல தோசைக்கல்லை இரவல் குடுப்பாவ? புருசனைக் கேட்டா ரெண்டு நாளைக்குக் குடுத்துவிடுவேன், கூட்டிட்டுப் போவச் சொல்லுங்க. கல்லைக் கேக்காதீய.”

அவள் சொன்னது நியாயம். எங்கள் சந்தில் உப்பு, சர்க்கரை, சிலிண்டர், நகை வரைக்கும் கைமாறும். தோசைக்கல் மாறாது. அடுத்தவள் கை பட்டால் கல் கெட்டுவிடும் என்று ஒவ்வொருத்தியும் நம்புகிறாள். தன் கல்லில் சப்பாத்தி போட்டதற்காக மாமியாரோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தவளும் எங்கள் சந்தில் இருக்கிறாள். நான் தரையில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். தொட்டி, மஞ்சள், பலகை, முதலாளி, மூன்று பொய், சேட், ஏழு மணி. கனி கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அங்க பிள்ளையளும் சாப்பிடுமா?”

“கைப்பிள்ளை ஒண்ணு வருதாம்.”

 கனி எழுந்தாள். “கல்லைக் குடுக்க மாட்டேன். கல்லோட நானே வாரேன்” என்றாள். சந்துக்குள் இறங்கி எதிர்வீட்டு முத்துலட்சுமியைக் கூப்பிட்டாள். அவள் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதே நாடகம். முதலில், கல்லையா கேக்கீய என்று ஒரு சத்தம். பிறகு கதை. பிறகு, நானும் வாரேன். கடைசியில் முத்துலட்சுமி என்னைப் பார்த்துக்கொண்டே கனியிடம் ஒரு நிபந்தனை போட்டாள்.

“எல்லாஞ் சரி மைனி. உங்க வீட்டுக்காரரு கல்லைத் தொடக்கூடாது. இப்பவே சொல்லிட்டேன்.”

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நாங்கள் ஐந்து பேரும் மெஸ் வாசலில் நின்றோம். நாலு பெண்கள், நாலு கல். ஒவ்வொன்றும் பழைய துணியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி இடுப்பில். நான் வெறுங்கையோடு பின்னால் நின்றேன்.

மாமி கதவைத் திறந்தார். அவருடைய அடுக்களைக்குள் வெளியாள் யாரும் போய் நான் பார்த்ததில்லை. பாத்திரம் தேய்க்கிறவர்கூடப் பின்வாசலோடு சரி. மாஸ்டரே அவர் சொந்தக்காரர்தான். தாராவியிலிருந்து நாலு பேர் கல்லோடு வந்து நிற்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, நானும் ராத்திரி போனில் முழுசாகச் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றார். கனியும் நின்றாள். கனிக்கு எல்லாம் புரியும், முகம் மாறிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் திரும்பி நடந்திருப்பாள். மாமி வாசலைவிட்டு விலகி, “உள்ள வாங்கோ, எல்லாரும் வாங்கோ. நாலு அடுப்பு இருக்கு” என்றார். குரல் கொஞ்சம் தடுமாறியது. ஆனால் சொல்லிவிட்டார்.

உள்ளே போன மறு நிமிஷமே சண்டை. மாவு தண்ணியாக இருக்கிறது என்றாள் கனி. எங்காத்து தோசை மெலிசாத்தான் இருக்கும் என்றார் மாமி. மெலிசென்றால் பேப்பரிலேயே ஊற்றலாமே என்றாள் முத்துலட்சுமி. நான் வெளியே நின்று சாமியைக் கும்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று புரிந்து நிம்மதியானேன்.

ஏழு மணிக்கு நாலு அடுப்பிலும் நாலு கல். நாலு ஜாதித் தோசை. ஒருத்தி சுட்டது மொறுமொறு, ஒருத்தி சுட்டது ஊத்தப்பத்துக்குத் தங்கச்சி. சேட் வந்தார், சுற்றிப் பார்த்தார், உட்கார்ந்தார். மூன்று சாப்பிட்டார். சாவியைப் பற்றி வாயே திறக்காமல் பான் போடப் போய்விட்டார். ஒரு பெரியவர் மட்டும், “மாமி, தோசை சின்னதாப் போயிடுத்தே” என்று குறைபட்டார்.

“ரெண்டா சாப்பிடுங்கோ” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

புதுக் கல் வாங்கி அது பழகி வரும்வரை நாலு பெண்களும் தினமும் கல்லோடு போனார்கள். முத்துலட்சுமி இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். போன மாதம் மெஸ்ஸின் ஷட்டர் கீல் துருப்பிடித்தது என்று, நான் ஓய்வு பெற்ற பிறகும், மாமி எனக்குத்தான் போன் செய்தார். “வாயில வைக்கற சாமான் இல்லை, தைரியமா ஊறப்போடுங்கோ” என்று சொல்லிச் சிரித்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நடந்தது. கூட்டம் வடிந்திருந்தது. நான் முந்தின நாள் மத்தியானம் பாதியில் வைத்துவிட்டு எழுந்த சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை, மூலையில் நின்றுகொண்டிருந்தேன். மாமி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“ஆறுமுகம், ஒண்ணு கேக்கறேன். நேத்திக்கு நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமோ?”

“தெரிஞ்சிருக்காது மாமி.”

“சாப்பிட்டவாளுக்கு?”

“அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது.”

“சரி. சொல்லாம விட்டிருந்தா, அடுத்த வாரம் வழக்கம்போல இங்க வந்து, அந்தக் கல்லுல வாத்த தோசையை நீங்க சாப்பிட்டிருப்பேளா?”

முதலாளி கேட்டால் பதில் வைத்திருப்பேன். இன்ஸ்பெக்டர் கேட்டால் வைத்திருப்பேன். இதற்கு உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“மாட்டேன் மாமி. ஏதாவது சாக்குச் சொல்லிக்கிட்டு வேற கடைக்குப் போயிருப்பேன்.”

மாமி தலையை ஆட்டினார். ஓர் இலையை எடுத்து, தண்ணீர் தெளித்து, மேஜையில் போட்டார்.

“அப்போ உக்காருங்கோ” என்றார்.

உட்கார்ந்தேன். மாவு தீரும்வரை எழுந்திருக்கவில்லை.